ஒரு கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு குடித்தனம்

இனிமே தனிக்குடித்தனம்தான்னு டைம்கீப்பர் முடிவு பண்ணினது ஒரு செவ்வாய்க்கிழமை காலைல, சரியா எட்டு நாப்பத்திரெண்டுக்கு. பொண்டாட்டியை விட்டுட்டுப் போறதா இல்ல. வீட்டை விட்டும் போகல. அதே வீடு, அதே மேஜை, அதே முதுகு உடைஞ்ச நாற்காலி. கம்ப்யூட்டருக்குள்ள மட்டும் தனியாப் போயிடறதுன்னு முடிவு.

அவருக்கு பஸ் டிப்போல வேலை. எந்த பஸ் எப்போ கிளம்புச்சு, எப்போ வந்துச்சு, எவ்ளோ லேட்டுன்னு நோட்டுல எழுதணும். அங்க அறுபத்திமூணு பஸ் அவர் விசில் அடிச்சாத்தான் நகரும். வீட்டுல அவரே இன்னொருத்தர் விசிலுக்குத்தான் நகர்றார்.

அந்த இன்னொருத்தர் அவர் மனைவி. வீட்டுல உக்காந்து பத்திரம் டைப் பண்றவங்க. கிரயம், தானம், பாகப்பிரிவினை, எதுவா இருந்தாலும் பத்திர ஆபீஸ்ல எழுதி அனுப்புவாங்க, இவங்க அடிச்சுக் குடுப்பாங்க. தெருவுல பேரே பத்திரம்மா. இருபது வருஷமா அடுத்த வீட்டுச் சண்டையெல்லாம் அடிச்சு அடிச்சு, அவங்க பேச்சும் பத்திரம் மாதிரியே ஆயிடுச்சு. "அன்னிக்கு நீங்க சொன்னீங்களே"ன்னு ஆரம்பிச்சாங்கன்னா தேதி, கிழமை, கூட இருந்த சாட்சி எல்லாம் வரிசையா வரும்.

கம்ப்யூட்டர் அவங்க வேலைக்கு வாங்கினது. அது சும்மா இருக்கிற நேரத்துல டைம்கீப்பர் அதுல செஸ் ஆடுவார். அவர்கிட்ட இருக்கிறது பட்டன் போன். அதுல பாம்புதான் ஆடும், ராணி ஆடாது.

வில்லங்கம் எங்க வந்துச்சுன்னா, பத்திரம்மா அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு நினைவூட்டல் காலண்டர் வச்சிருந்தாங்க. பத்திரம் குடுக்கிற தேதி மறக்கக் கூடாதுன்னு வச்சது. போகப் போக புருஷனோட வேலையெல்லாம் அதுக்குள்ள குடி வந்துடுச்சு. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரமாப் பாத்து, திரை நடுவுல ஒரு மஞ்சப் பெட்டி வந்து சப்பணம் போட்டு உக்காரும். "குழாய் வாஷர் மாத்தணும்." "மாடியில துணி." "பரண்." வெறும் பரண்தான். பரண்ல என்னன்னு ஏறிப் பாத்தாத்தான் தெரியும். 'முடிஞ்சது'ன்னு அமுக்கினாத்தான் பெட்டி போகும். வேலையைச் செய்யாமலே அமுக்கிட்டு உக்காந்திருக்கலாமேன்னு தோணும். ஒரு தடவை அப்படித்தான் உக்காந்திருந்தார். பத்திரம்மா வந்து பக்கத்துல நின்னு, "முடிஞ்சதைக் காட்டுங்க"ன்னாங்க.

இப்போ செவ்வாய்க்கிழமைக்கு வரலாம். எல்லா டிப்போவுக்கும் சேத்து ஆன்லைன்ல ஒரு செஸ் போட்டி நடந்துச்சு. நம்ம ஆள் அரையிறுதி வரைக்கும் போயிட்டார். அரையிறுதியில மஞ்சப் பெட்டி சரியா ராணி மேல வந்து உக்காந்துச்சு. ராணி இருக்காளா செத்தாளான்னு தெரியாம குருட்டாம்போக்குல குதிரையை நகர்த்தினார். எதிராளிக்கு அந்த நேரம் பாத்து இன்டர்நெட் போனதால ஜெயிச்சார். செவ்வாய்க்கிழமை எட்டு நாப்பத்திரெண்டுக்கு அறிவிப்பு வந்துச்சு: இறுதி ஆட்டம் ஞாயித்துக்கிழமை காலை பத்து மணி. பத்து பத்துக்குள்ள முதல் காயை நகர்த்தலேன்னா தோத்த மாதிரி. எதிர்ல ஆடப்போறது பக்கத்து டிப்போ டயர் செக்‌ஷன்காரர். அவர் ஏற்கெனவே கோப்பை வைக்க அலமாரியில இடம் ஒதுக்கிட்டதா பேச்சு.

டைம்கீப்பர் பத்தொம்போது வருஷ சர்வீஸ்ல எதுலயும் ஜெயிச்சதில்ல. டிப்போ ஆண்டு விழால மியூசிக்கல் சேர்ல கூட முதல் சுத்துலயே வெளிய வந்தவர். இந்தக் கோப்பை அவருக்கு வேணும். அதுக்கு ரெண்டு மணி நேரம் மஞ்சப் பெட்டி வராத ஒரு இடம் வேணும்.

எதிர்வீட்டுல ஒரு எக்ஸ்ரேக்காரர். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறவர், கம்ப்யூட்டர்னா சோறு தண்ணி வேணாம். அவர்கிட்ட போய் விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்குப் போயா அண்ணே முகத்தை இப்படி வச்சிருக்கீங்க. ரெண்டாவதா ஒண்ணு வச்சுக்கோங்க."

டைம்கீப்பர் வாசக்கதவைச் சாத்திட்டு வந்தார். "மெதுவாப் பேசுய்யா."

"ரெண்டாவது சிஸ்டம்ணே."

"அதை மொதல்ல சொல்லித் தொலைக்க மாட்டியா."

"இப்போ இருக்கிறது அப்படியே இருக்கும். அதே கம்ப்யூட்டர்ல பக்கத்துலயே இன்னொண்ணு போட்டுடலாம். ஆன் பண்ணினதும் எந்த வீட்டுக்குப் போகணும்னு கேக்கும். அண்ணி வீடா, உங்க வீடான்னு. நீங்க உங்க வீட்டுக்குப் போயிட்டீங்கன்னா அண்ணி ஃபைல், அண்ணி காலண்டர் எதுவும் அங்க இருக்காது."

"அவளுக்குத் தெரியாம பண்ணிடலாமா?"

"ஆன் பண்ணினதுமே மெனு வருமேண்ணே. எப்படித் தெரியாமப் போகும்?"

"சரி, இதுக்குப் பேரு என்ன?"

"டூயல் பூட்."

புதன்கிழமை சாயங்காலம், பத்திரம்மா மும்முரமா அடிச்சுக்கிட்டு இருக்கிற நேரமாப் பாத்து மெதுவா ஆரம்பிச்சார்.

"நம்ம கம்ப்யூட்டர்ல டூயல் பூட் போடலாம்னு இருக்கேன்."

பத்திரம்மா விரல் நிக்கல. "ஒண்ணுக்கு எதுக்கு ரெண்டு பூட்டு?"

"பூட்டு இல்ல. பூட்."

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

"பூட்டே இல்லங்கிறேன், சாவி எங்க இருந்து வரும்? ஒரே வீட்டுக்கு ரெண்டு வாசல் வைக்கிற மாதிரி. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு."

"நடுவுல?"

"நடுவுல ஒரு சுவர். பார்ட்டிஷன்னு சொல்வாங்க."

இப்போ விரல் நின்னுச்சு. "பாகப்பிரிவினையா?"

"சேச்சே. ஹார்ட் டிஸ்க்னு உள்ள ஒரு தட்டு இருக்கு, அதை ரெண்டாப் பிரிக்கிறது."

"ஒரு சொத்தை ரெண்டாப் பிரிச்சு நடுவுல சுவர் வச்சா, அதுக்கு என்னங்க பேரு?"



பத்திரம்மா கோவப்படல. அப்போவே அவர் உஷாராகியிருக்கணும். நாற்காலியை இவர் பக்கம் திருப்பி உக்காந்தாங்க.

"மொத்தம் எவ்ளோ?"

"ஐநூறு ஜிபி. சரி பாதி குடுத்தா போதும்."

"செஸ் காய் எத்தனை?"

"முப்பத்திரெண்டு."

"காய்க்கு ரெண்டு ஜிபி. அறுபத்திநாலு வச்சுக்கோங்க."

"அறுபத்திநாலுல கை காலை நீட்ட முடியுமா?"

"செஸ் ஆடப் போறீங்களா, படுக்கப் போறீங்களா?"

பேரம் அரை மணி நேரம் ஓடி எண்பதுல வந்து நின்னுச்சு. பத்திரம்மா சொன்னாங்க, "வாயால பேசினது நிக்காது. எழுதிடலாம்." பன்னெண்டு நிமிஷத்துல நாலு பக்கம் அடிச்சு எடுத்து மேஜையில வச்சாங்க.

டைம்கீப்பர் முதல் பக்கத்தைப் பாத்தார். "மேற்படி தட்டில் 'அ' பட்டியலில் கண்ட நானூற்று இருபது ஜிபியை ஒன்றாவது பார்ட்டியும், 'ஆ' பட்டியலில் கண்ட எண்பது ஜிபியை இரண்டாவது பார்ட்டியும் இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." நாலெல்லை கூட இருந்துச்சு. வடக்கே மின்விசிறி, தெற்கே பவர் பட்டன், கிழக்கே சுவர், மேற்கே ஒன்றாவது பார்ட்டியின் காபி டம்ளர்.

சர்வ சுதந்திரம்ங்கிற வார்த்தையிலயே மனுஷனுக்குக் கண்ணு நிறைஞ்சிடுச்சு.

"முழுசாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க"ன்னாங்க பத்திரம்மா.

"என் பொண்டாட்டி அடிச்சதை நான் படிச்சுப் பாக்கணுமா?"ன்னு பெருந்தன்மையா சொல்லிட்டு நாலு பக்கத்துலயும் போட்டார். எக்ஸ்ரேக்காரர் சாட்சி. அவர் சாட்சிக் கையெழுத்துப் போடறது வாழ்க்கையில அதுதான் முதல் தடவை. பேனாவைத் தொடைச்சுட்டுப் போட்டார்.

வியாழக்கிழமை சுவர் எழுப்பினாங்க. எக்ஸ்ரேக்காரர் ஒரு பென் டிரைவோட வந்தார். தட்டைச் சுருக்கி இடம் பண்ணினாங்க. அப்புறம் திரை ஒரு கேள்வி கேட்டுச்சு: முழுத் தட்டையும் அழிச்சுட்டுப் போடவா, இருக்கிறது பக்கத்துல போடவா? டைம்கீப்பர் விரல் தப்பான பட்டனுக்கு ஒரு நூல் பக்கத்துல போயிடுச்சு.

"அசையாதீங்கண்ணே. கையை எடுங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க." சரியான பட்டனை எக்ஸ்ரேக்காரரே அமுக்கினார். "இப்போ விடலாம்."

சமையக்கட்டுல இருந்து குரல் வந்துச்சு. "என் பத்திரமெல்லாம் பத்திரமா?"

"பத்திரமா இருக்கு."

"இல்லேன்னாலும் பரவால்ல. காலைலயே ரெண்டு பென் டிரைவ்ல எடுத்து ஒண்ணைப் பீரோலயும் ஒண்ணை அக்கா வீட்டுலயும் வச்சுட்டேன்."

வெள்ளிக்கிழமை காலைல டிப்போவுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி டைம்கீப்பர் தன் வீட்டுக்குள்ள முதல் தடவை காலடி வச்சார். மெனு வந்துச்சு, ரெண்டாவது வரியை அமுக்கினார். திரை முழுக்க பச்சை மலை. ஒரு ஃபைல் இல்ல, ஒரு பத்திரம் இல்ல. அவ்ளோ பெரிய காலி இடத்தை அவர் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்ததே இல்ல. நாற்காலியில சாஞ்சார். முதுகு உடைஞ்சதுங்கிறதால கொஞ்சமா.

மூணாவது நிமிஷம் மலை மேல மஞ்சப் பெட்டி உக்காந்துச்சு. "குழாய் வாஷர்."

அவர் சுத்திமுத்திப் பாத்தார். மலை அதே மலைதான். அவர் பக்கத்து மலைதான்.

"ஏம்மா, இது என் வீடு."

"ஆமா."

"உன் பெட்டி இங்க எப்படி வந்துச்சு?"

"மூணாம் பக்கம், பதினோராவது பத்தி."

பத்திரத்தை எடுத்துப் பாத்தார். "ஒன்றாவது பார்ட்டியின் நினைவூட்டல்கள் 'ஆ' பட்டியல் சொத்தின் வழியாக எக்காலமும் தடையின்றிப் போக வர வழிப்பாத்தியம் உண்டு."

"இது என்ன அநியாயமா இருக்கு."

"பின்னாடி மனைக்காரங்க வீட்டுக்கு எப்படிப் போவாங்க? முன் மனை வழியாத்தானே. எல்லாப் பாகப்பிரிவினையிலயும் இருக்கிறதுதான். உங்களுக்குன்னு நான் புதுசா எழுதல."

டைம்கீப்பர் நேரா எதிர்வீட்டுக்குப் போனார். "யோவ், காலண்டர் அங்க இருக்காதுன்னு சொன்னியே."

"இருக்காதுதாண்ணே. ஆனா அது இன்டர்நெட்ல இருக்கிற காலண்டர். எந்தப் பக்கத்துல வேணாலும் போட்டுக்கலாம். நேத்து நீங்க கை கழுவப் போன நேரத்துல அண்ணி பதினோராவது பத்தியைக் காட்டினாங்க. நான் போட்டுக் குடுத்தேன்."

"நீ யார் பக்கம்?"

"நான் சாட்சிண்ணே. சாட்சிக்குப் பக்கம் கிடையாது."

அவர் திரும்பி வந்தா, இங்க இன்னொரு புகார் காத்துக்கிட்டு இருந்துச்சு. பத்திரம்மா தன் பக்கத்துக்குப் போய்ப் பாத்தாங்க, மணி தப்பாக் காட்டுது. காலைல எட்டரைக்கு, ராத்திரி மூணுங்குது. புது சிஸ்டம் உள்ள வந்ததும் கடிகாரத்தைத் தன் கணக்குக்குத் திருப்பி வச்சுட்டுப் போயிருக்கு. இந்த மாதிரி ரெண்டு சிஸ்டத்தை ஒண்ணா வச்சா அப்படி ஆகறது உண்டு, சரி பண்ணிடலாம்னு எக்ஸ்ரேக்காரர் சொன்னார், பண்ணியும் குடுத்தார். ஆனா பத்திரம்மா அதை அத்துமீறல்னு ஒரு தாள்ல குறிச்சு வச்சுக்கிட்டாங்க. டைம்கீப்பர் வீட்டுலயே டைம் தப்புங்கிற சேதி மத்தியானத்துக்குள்ள டிப்போ கேன்டீன் வரைக்கும் போயிடுச்சு.

சனிக்கிழமை சமாதானப் பேச்சு.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா. ஞாயித்துக்கிழமை பத்துல இருந்து பன்னெண்டு. ரெண்டே மணி நேரம். உன் பெட்டி என் வழியா வரக்கூடாது."

"திருத்தல் பத்திரம் போடணும். எனக்குப் பதிலுக்கு என்ன?"

"வாஷர் மாத்தறேன்."

"அது ஏற்கெனவே நிலுவை."

"பரண்."

"பரணும் நிலுவைதான். இருந்தாலும் அத்துமீறலுக்குப் பதிலா அதை வரவு வச்சுக்கறேன். இஸ்திரி?"

"ரெண்டு மாசம்."

"ஆறு."

ஆறு மாசம் இஸ்திரிக்கு ஒத்துக்கிட்டார். ஆனா இந்தத் தடவை ஏமாறத் தயாரா இல்ல. பத்திரத்தைக் கையில வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் கீழ விரலை வச்சு, வாய் விட்டு வாசிச்சார். புரியாத வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் கேட்டார். பாத்தியம்னா என்ன, பராதீனம்னா என்ன, மேற்படின்னா எந்தப் படி. ரெண்டு தடவை வாசிச்சு, மூணாவது தடவை கீழ இருந்து மேல வாசிச்சு, எங்கயும் பொடி வைக்கலேன்னு தெரிஞ்ச அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

"இப்போ அழகா வாசிக்கிறீங்க"ன்னாங்க பத்திரம்மா. மனுஷன் பூரிச்சுப் போய்ப் பரண்ல ஏறினார்.

ஞாயித்துக்கிழமை. டைம்கீப்பர் ஒம்போதரைக்குக் குளிக்கப் போனார். தலைக்கு ஊத்திக்கிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, அவரே போட்டது. பத்துக்கு ஏழு நிமிஷம் இருக்கறப்போ ஹாலுக்கு வந்தா, நாற்காலியில பத்திரம்மா. விரல் பறந்துக்கிட்டு இருக்கு. எதிர்ல பேக்கரிக்காரரும் அவர் தம்பியும் ஆளுக்கு ஒரு மூலையப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ரெண்டு பேரும் பேக்கரியைப் பிரிச்சுக்கறாங்க. தம்பிக்கு ஒண்ணரை மணிக்கு ரயில், அதுக்குள்ள கையெழுத்து ஆகணும்.

"ஏம்மா, எழுந்திரு. மணியாச்சு. என் நேரம்."

"யார் இல்லேன்னா? போய் ஆடுங்க."

"நீ உக்காந்திருக்கியே."

"நான் என் பக்கத்துல உக்காந்திருக்கேன். உங்க பக்கம் வந்தேனா? பெட்டி ஏதாவது வந்துச்சா?"

டைம்கீப்பர் திரையைப் பாத்தார். பத்திரம்மா பக்கம்தான் தெரியுது. தன் மலை எங்க போச்சுன்னு தெரியல. பட்டன் போனை எடுத்து எக்ஸ்ரேக்காரரைக் கூப்பிட்டார். அவருக்கு ஞாயித்துக்கிழமை டூட்டி.

"யோவ், அவ அவ பக்கத்துல இருக்கா. நான் என் பக்கம் எப்படிப் போறது?"

"அணைச்சுட்டுத் திரும்பப் போட்டா மெனு வரும்ணே. கையைத் தூக்குங்க."

"எதுக்குய்யா?"

"உங்களை இல்லண்ணே, பேஷன்ட்டைச் சொன்னேன்."

"அணைச்சா அவ வேலை நின்னு போயிடுமே. அணைக்காம, அவளும் இருந்து நானும் இருக்க முடியாதா?"

"அது எப்படிண்ணே. ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும்."

"ரெண்டு சிஸ்டம்னு சொன்னியே."

"ரெண்டுதான். ஒவ்வொண்ணா. மூச்சை இழுத்துப் பிடிங்க."

டைம்கீப்பர் பிடிச்சார். இந்தத் தடவை யாரைச் சொன்னார்னு கேக்கத் தோணல.

போனை வச்சுட்டு ரெண்டு பத்திரத்தையும் எடுத்துப் புரட்டினார். பாகம் இருக்கு. நாலெல்லை இருக்கு. வழிப்பாத்தியம், அதுக்குத் திருத்தல் எல்லாம் இருக்கு. யாரு எப்போ உள்ள போகணும்னு ஒரு வரி இல்ல.

"ஒரே கிணத்தை ரெண்டு பேருக்கு எழுதினா முறை வைக்கணுங்க"ன்னாங்க பத்திரம்மா, திரும்பாமலே. "இன்னிக்கு நீ, நாளைக்கு நான்னு. நீங்க ரெண்டு வாசல்னு சொன்னீங்க, ஒரே கிணறுன்னு சொல்லல."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"பதினாறு பக்கம். நானே பாத்து நானே அடிச்சா ஒரு மணி ஆகும். பக்கத்துல நின்னு யாராவது வாசிச்சா சீக்கிரம் முடியும்."

மணி ஒம்போது அம்பத்தெட்டு. பத்து பத்துக்கு இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு. பதினாறு பக்கத்தைப் பன்னெண்டு நிமிஷத்துல வாசிக்க முடியுமான்னு யோசிக்கிற நிலைமையில அவர் இல்ல. தாளைப் பிடுங்கினார்.

வாசிச்சார் பாருங்க. அடுப்பு மூன்றில் கீழ்ப்புறத்து அடுப்பு ஒன்றாவது பார்ட்டிக்கு, மாவு பிசையும் மேஜை இரண்டாவது பார்ட்டிக்கு, தராசு பொது. கமா, முற்றுப்புள்ளியில கூட மூச்சு விடல. பத்திரம்மா விரலும் அவர் வாயும் ஒண்ணை ஒண்ணு துரத்துச்சு. பேக்கரி அண்ணனும் தம்பியும் சண்டையை மறந்துட்டு இவங்களைப் பாத்தாங்க.

அஞ்சாம் பக்கம் நடுவுல டைம்கீப்பர் குரல் ஒரு தரம் நின்னுச்சு. அவர் கடிகாரத்தைப் பாக்கல. பத்தொம்போது வருஷ சர்வீஸ், பாக்காமலே தெரியும். பத்து பதினொண்ணு. பக்கத்து டிப்போவுல ஒருத்தர் அலமாரியைத் தொடைச்சுக்கிட்டு இருப்பார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? பாத்திரம் கழுவும் தொட்டி யாருக்கு?"

"ரெண்டாவது பார்ட்டிக்கு"ன்னார்.

மீதி பதினோரு பக்கத்தை நிதானமாவே வாசிச்சார். அவசரம் போனதுக்கு அப்புறம் உச்சரிப்பு இன்னும் தெளிவா வந்துச்சு. ஒம்பதாம் பக்கத்துல ஒரு அடுப்பை ரெண்டு பேருக்கும் எழுதியிருந்ததைக் கண்டுபிடிச்சுச் சொன்னார். பதிமூணாம் பக்கத்துல, தொட்டிக்குத் தண்ணி வர்றதுக்கு முறை எழுதலையேன்னு கேட்டார். பத்திரம்மா தலையாட்டிட்டு ஒரு பத்தி சேத்தாங்க.

கையெழுத்தெல்லாம் ஆச்சு. கிளம்பறப்போ பேக்கரிக்காரர் டைம்கீப்பரை ஒரு தடவை மேலயும் கீழயும் பாத்துட்டு, பத்திரம்மாகிட்ட குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நல்ல ஆளாப் பிடிச்சிருக்கீங்களேம்மா. எப்போ சேந்தார்?"

"புதன்கிழமைதாங்க கையெழுத்துப் போட்டார்"ன்னாங்க பத்திரம்மா. "இப்போதான் பழகிக்கிட்டு இருக்கார்."